மாருதி 800-க்குப் புதுப் பாகமா, பழைய பாகமா?

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. கொங்குப் பக்கம் இன்னும் ஓடுகிறது. மெக்கானிக் கேட்பது ஒன்றுதான்: "புதுசு போட்டரலாங்களா, இல்ல பழசு பாக்கறதுங்களா?"

டயர் மாட்டும் வீல் டிஸ்க்குக்குப் பழசே போதும். சுழற்றிப் பார்த்துக் கோணல் இல்லையென்றால் வாங்கலாம். பின்சக்கர பிரேக் டிரம்மும் பழசு சரி, ஆனால் உள்விட்டத்தை அளக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறித் தேய்ந்ததை லேத்தில் கடைந்து போட்டால் ஆபத்து.

பிரேக் பேட், பிரேக் ஷூ, அந்த ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் மூன்றும் புதுசுதான், பேச்சே இல்லை. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகிவிடும். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக் ஆயில் கசிந்தால் பெடல் அடிவரை போய்விடும். ஷாக் அப்சார்பரும் புதுசு, அதுவும் ஜோடியாக.