ஜிசிசியின் ஃபால்த்ரூ வார்னிங்: ஐந்தாம் நிலையில் வைத்தால் நல்ல சரக்கு

சி மொழியில் ஒரு மதிப்பைப் பார்த்து பல கேஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஸ்விட்ச்; கேஸின் முடிவில் பிரேக் போடாவிட்டால் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் இறங்கிவிடும், அதுதான் ஃபால்த்ரூ. அப்படி ஒரு பிரேக்கை விட்டுவிட்டு, பாதி ராத்திரி வரைக்கும் அதைத் தேடாதவர் சி எழுதுபவர்களில் குறைவு. நான் விட்டது ஒரு பாக்கெட் பார்ஸரில். கனெக்ஷனை மூடச் சொல்லும் மெசேஜ் வந்தால் பஃபரை, அதாவது டேட்டா வைத்திருந்த மெமரியை, ஃப்ரீ செய்துவிட்டு, அப்படியே அடுத்த கேஸுக்குள் இறங்கி, அதே பஃபரில் எழுதிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒழுங்காக ஓடும், எப்போதாவது செத்துவிழும். கடைசியில் அதைக் காட்டிக்கொடுத்தது ஜிசிசி கம்பைலரின் -டபிள்யூஇம்ப்ளிசிட்-ஃபால்த்ரூ என்ற இந்த வார்னிங்தான். அதிலிருந்து எல்லா ப்ராஜெக்டிலும் போட்டுவைத்திருக்கிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

2017ல் வந்த ஜிசிசி 7 முதல் இது இருக்கிறது. பல வார்னிங்குகளை ஒன்றாக இயக்கும் -டபிள்யூஆல் போட்டாலே வந்துவிடும் என்று நினைத்து ஏமாற வேண்டாம், கூடுதல் வார்னிங்குகளுக்கான -டபிள்யூஎக்ஸ்ட்ரா போட வேண்டும். தேவையில்லாமல் கத்துவதில்லை என்பது எனக்கு முதலில் பிடித்தது. நடுவில் ஒன்றும் எழுதாமல் நாலு கேஸ் லேபிளை அடுக்கினால் வாயே திறக்காது, கேஸ் ரிட்டர்னில் முடிந்தாலும் அப்படித்தான். கத்தும்போது எந்த வரியிலிருந்து இறங்குகிறது, எந்த லேபிளில் போய் விழுகிறது என்று இரண்டையும் காட்டும்.

சரி, அந்த ஒரு மதிப்பெண் ஏன் போனது? வேண்டுமென்றே இறங்கும் இடங்களில் அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் குழப்பம். சி கோடில் தவறு தேடும் பழைய டூலான லின்ட் காலத்துப் பழக்கத்தை விடாமல், 'ஃபால் த்ரூ' என்று ஒரு கமெண்ட் (மனிதர்கள் படிக்க மட்டும் கோடில் எழுதும் குறிப்பு) எழுதினால் போதும் என்கிறது. கமெண்டைப் படித்து முடிவெடுக்கும் கம்பைலர்! இதற்கு 0 முதல் 5 வரை நிலைகள், எண் தராவிட்டால் 3. முதல் நிலையில் கேஸுக்கு முன்னால் எந்தக் கமெண்ட் இருந்தாலும் ஒத்துக்கொள்ளும், சமையல் குறிப்பு எழுதினாலும் சரி. இரண்டாம் நிலையில் அந்த வார்த்தைகள் எங்காவது தென்பட்டால் போதும், ஆகவே 'இங்கே ஃபால் த்ரூ ஆகக் கூடாது' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தாலும் ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். மூன்றாம் நிலையில் கறார் கூடுதல்: 'நோ பிரேக்' என்று காலங்காலமாக எழுதிவந்தவர்களின் கமெண்ட் செல்லாது, பிளாக்கின் மூடும் அடைப்புக்குறிக்கு உள்ளே எழுதினாலும் செல்லாது, அடுத்த கேஸுக்கு நேர் முன்னால்தான் இருக்க வேண்டும். அதைவிட எரிச்சல், கோடை முதலில் ப்ரீப்ராசஸ் செய்து (கம்பைலுக்கு முந்தைய தயாரிப்புப் படி) தனி ஃபைலாக்கி அப்புறம் கம்பைல் செய்யும் பில்டுகளில் கமெண்டெல்லாம் காணாமல் போய்விடும், நேற்றுவரை அமைதியாக இருந்த கோட் திடீரென்று நூறு வார்னிங் கக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது, ஒரு நாள் முழுக்க வீண்.

அதனால் நேராக ஐந்தாம் நிலைக்குப் போய்விடுங்கள். அங்கே கமெண்ட் எடுபடாது, ஃபால்த்ரூ அட்ரிபியூட், அதாவது கம்பைலருக்கென்றே கோடில் எழுதும் குறி, மட்டும்தான். சி23ல் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதும் வடிவம் ஸ்டாண்டர்டிலேயே வந்துவிட்டது, சி++ல் 2017லிருந்தே உண்டு. பழைய சி என்றால் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்ட அட்ரிபியூட்டை ஒரு மேக்ரோவுக்குள் (ஒரு துண்டுக் கோடுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) ஒளித்துவைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கர்னலிலும் இதையேதான் செய்தார்கள், 2019ல் 'ஃபால்த்ரூ' என்ற மேக்ரோவைக் கொண்டுவந்து கமெண்டுகளை மாற்றத் தொடங்கினார்கள். இன்னொரு லாபம், இது தவறான இடத்தில் இருந்தால், அதாவது அடுத்து கேஸோ டிஃபால்ட்டோ வராவிட்டால், கம்பைலர் அதையும் சொல்லும். கமெண்டில் அது நடக்காது.

இன்னொரு சி கம்பைலரான க்ளாங்கிலும் இதே பெயரில் வார்னிங் உண்டு, ஆனால் -டபிள்யூஎக்ஸ்ட்ராவோடு வராது, தனியாகக் கேட்க வேண்டும். கமெண்டையும் அது மதிக்காது. அடுத்த கேஸில் வெறும் பிரேக் மட்டும் இருந்தால் ஜிசிசி விட்டுவிடும், க்ளாங் அதற்கும் முகம் சுளிக்கும். இரண்டிலும் பில்ட் செய்பவர்கள் அந்த இடங்களில் யோசிக்காமல் ஒரு பிரேக்கைப் போட்டுவிடுங்கள், ஒரு வரிதானே.