நியூரோஃபீட்பேக் மையத்தில் என் மகள்: ஒரு அம்மாவின் மதிப்பீடு

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நியூரோஃபீட்பேக் என்னும் மூளை அலைப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'டிஸ்லெக்சியா, கவனக்குறைவு இரண்டுக்கும் மருந்தில்லாத தீர்வு' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளை ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி அங்கே கூட்டிப் போனேன். நான் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வகுப்பிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பெற்றோர் இந்தப் பயிற்சியைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. வேறு மையத்துக்குப் போகிறவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கும்.

மகளுக்கு டிஸ்லெக்சியாவும் (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் குறைபாடு) கவனக்குறைவும் (ADHD என்பார்கள்) சேர்ந்தே இருக்கின்றன. 'கொ' எழுதச் சொன்னால் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை விட்டுவிடுவாள். ள, ன இரண்டும் அவளிடம் இடம் மாறும். வாயால் கேட்டால் பின்னக் கணக்குக்குக்கூட உடனே விடை சொல்வாள். அதையே வாக்கியக் கணக்காகத் தாளில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள்.

முதலில் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மூளைக்குக் கரண்ட் வைப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். கரண்ட் எதுவும் இல்லை. மூளையிலிருந்து வரும் மின் அலையைத் தலையில் ஒட்டிய சென்சார் பதிவு செய்யும், அவ்வளவுதான். உச்சந்தலையில் ஓர் இடத்தை டேப்பால் அளந்து குறித்து, அங்கே சொரசொரப்பான ஜெல்லால் தேய்த்து, வெள்ளைப் பசை வைத்துச் சென்சாரை ஒட்டுவார்கள். காது மடல்களில் கிளிப் மாட்டுவார்கள். அதற்காகக் கம்மலைக் கழற்ற வேண்டும். தலையில் எண்ணெய் இருக்கவே கூடாது. பிசுக்கு இருந்தால் சிக்னல் சரியாக வராது. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல், அதில் மாமியார் கண்டிப்பானவர். கடைசியில் செஷனைப் புதனுக்கும் சனிக்கும் மாற்றி, அன்று காலையில் ஷாம்பூ போட்டுக் கூட்டிப் போனோம். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நீள முடியில் அந்தப் பசை காய்ந்துவிட்டால் வெந்நீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டும்.

திரையில் அவளுக்குப் பிடித்த கார்ட்டூன் ஓடும். மெதுவான தீட்டா அலை, அதாவது நொடிக்கு 4 முதல் 8 தடவை (ஹெர்ட்ஸ்) அலைவது, கூடி, வேகமான பீட்டா அலை குறைந்தால் படம் மங்கும், சத்தம் தேயும். அலைகள் மறுபடி மாறினால் படம் தெளியும். எப்படித் தெளிய வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை; பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் பல்லைக் கடித்துப் பார்த்தாள், அப்புறம் கண்ணை விரித்துப் பார்த்தாள். மூளையின் சிக்னல் மைக்ரோவோல்ட் அளவில்தான், அதாவது ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். தாடை இறுகினாலே, கல்யாண மேளத்துக்கு நடுவே காதில் சொல்லும் பேச்சு மாதிரி, அது அமுங்கிப் போகும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, இது தசை, இது கண் சிமிட்டல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். நெற்றியில் மாட்டும் ஹெட்பேண்டை ஆன்லைனில் வாங்கி, பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். நெற்றித் தசையும் கண் அசைவும் அந்த இடத்தில்தான் அதிகமாகக் கலக்கும்.

எங்களுக்கு வாய்த்த இளம் உளவியலாளர் இதில் கெட்டிக்காரர். 'கவனமா இரு' என்று அவர் ஒரு நாளும் அதட்டியதில்லை. "தாடைய லூஸா விடு கண்ணு, தோள எறக்கு" என்பார். மகள் சோர்ந்து வந்த நாளில் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி, படம் பெரும்பாலும் தெளிவாகவே ஓடும்படி வைப்பார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, தன்னாலும் ஒன்று முடிகிறது என்று அந்த அரை மணி நேரம் காட்டியது. அந்த அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்றாலே கிளம்பிவிடுவாள். என் மனம் நிறைந்த பாராட்டு அவருக்குத்தான்.

இந்தப் பயிற்சி நேற்று முளைத்தது இல்லை. மனித மூளையின் மின் அலையை ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் முதன்முதலில் பதிவு செய்தது 1924இல். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகளுக்கு உணவைப் பரிசாகக் கொடுத்து ஒரு குறிப்பிட்ட அலையைக் கூட்டப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளில் உள்ள ஒரு வேதிப்பொருள் வலிப்பை உண்டாக்குவதைச் சோதித்தபோது, பழக்கப்பட்ட பூனைகள் அதை அதிக நேரம் தாங்கின. அங்கிருந்து வலிப்பு நோயாளிகளுக்கும், 1970களில் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபார் வழியாகத் துறுதுறுப்பு மிகுந்த பிள்ளைகளுக்கும் இது வந்து சேர்ந்தது. ஆகவே இதை மோசடி என்று தள்ள மாட்டேன்.

சரி, பலன் இருந்ததா? மகள் முன்பைவிட அதிக நேரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள். சாயங்காலச் சண்டை குறைந்திருக்கிறது. ஆனால் அதே மாதங்களில் வேறு சில காரியங்களும் நடந்தன. இரவில் போன் கூடாது என்று மையத்திலேயே சொன்னதால் சீக்கிரம் தூங்கினாள். அவளுக்கு வயதும் ஏறியது. அன்பான ஒரு பெரியவர் வாரத்தில் இரண்டு நாள் அவளோடு மட்டும் உட்கார்ந்தார். இதில் எது வேலை செய்தது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் நன்றாகத் திட்டமிட்டு ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். கவனக்குறைவு உள்ள, 7 முதல் 10 வயது வரையிலான 140க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான தீட்டா–பீட்டா பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு அதே நாற்காலி, அதே திரை, அதே நேரம். ஆனால் திரையை ஓட்டியது ஏற்கெனவே பதிவு செய்து வைத்த வேறு அலை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியர்களுக்கும் தெரியாது. 2021இல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு பிரிவும் நன்றாகவே முன்னேறின, ஒன்றுக்கொன்று குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. என் வீட்டில் நான் பார்த்ததற்கு இது சரியாகப் பொருந்துகிறது. முன்னேற்றம் நிஜம். அலையை மாற்றியதால்தான் வந்தது என்று சொல்ல முடியாது.

வாசிப்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மையத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் வாசிப்பு அப்படியே இருந்தது. சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மணல் தட்டில் எழுத்தை விரலால் எழுத வைத்து, சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துச் சேர்க்கப் பழக்கிய பிறகுதான் மாற்றம் தெரிந்தது. இப்போது கொம்பும் காலும் ஒரே உயிர்க்குறியின் இரண்டு பாதி என்று அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. அந்த ஆசிரியருக்கு நாங்கள் கொடுப்பது மையத்துக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

மையத்தில் செஷனுக்கு 1,200 ரூபாய். 40 செஷனுக்கும் மொத்தமாக முன்பணம் கேட்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பத்தாகக் கட்டும் வசதி இருந்தால் பலனைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. பாதியில் ஒரு மதிப்பாய்வு உண்டு என்றார்கள். அது நான் நிரப்பும் ஒரு படிவம். 'உங்கள் குழந்தை முன்பைவிட அமைதியாக இருக்கிறதா' என்று ஆசையோடு இருக்கும் அம்மாவிடம் கேட்டால் என்ன பதில் வரும்? ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறாள் என்று அளந்து பாருங்கள் என்றேன். அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். டிஸ்லெக்சியாவுக்குத் தீர்வு என்று நோட்டீஸ் அடித்தால் வாசிப்பை அளப்பதும் அவர்கள் வேலைதான்.

முதல் நாளில் கொடுக்கும் வண்ண 'மூளை வரைபடம்' பற்றியும் எச்சரிக்க வேண்டும். அதில் சிவப்புத் திட்டுகளைப் பார்த்து என் கணவர், மூளையில் அடிபட்டிருக்கிறது என்றே நினைத்துவிட்டார். ஓர் அலை சராசரியைவிடக் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சிவப்புக்குப் பொருள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் புரியவைக்காமல் கையில் கொடுத்து அனுப்பவே கூடாது.

உங்கள் பிள்ளைக்கு வாசிப்புதான் முக்கியச் சிக்கல் என்றால் முதல் ரூபாயைச் சிறப்பாசிரியருக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகும் கையில் பணம் இருந்து, பிள்ளைக்கும் பிடித்தால் இதையும் பாருங்கள். தீங்கு எதையும் நான் காணவில்லை. சிறப்பாசிரியரை நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள்.

கடைசியாக, தேர்வுச் சலுகை பற்றி. மூளை வரைபடத்தை வைத்துப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ கேட்க முடியாது. டிஸ்லெக்சியா போன்றவை அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பிரிவு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கான சான்றிதழ், வாசிப்பு, எழுத்து, கணக்கு, அறிவுத்திறன் ஆகியவற்றைச் சோதித்துத் தரப்படுவது. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் அதை முன்பே வாங்கி, தலைமையாசிரியரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.