மழை நாட்களில் வீட்டுக்குள் கோட்டை: குச்சி, உருண்டைத் தொகுதியை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தில் மே மாதம் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை இலேசில் விடாது. ஆகஸ்ட் விடுமுறையும் அந்த மழையோடு போய்விடுவதால் பிள்ளைகளுக்கு இஸ்தோப்பையும் (முன் திண்ணை) முன்னறையையும் விட்டால் விளையாட வேறு இடமில்லை. 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) நிரந்தரமாக ஒரு விளையாட்டு வீட்டை வைக்க இயலாது. கட்டிய கோட்டையைப் பொழுது சாய்வதற்குள் கழற்றி ஒரு பைக்குள் போட்டுவிடலாம் என்பதாலேயே இந்தத் தொகுதியை வாங்கினோம். அந்த விடயத்தில் இன்றுவரை எங்களுக்கு முழுத் திருப்தி.

ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்டிக் குச்சிகளும், பல திசைகளில் துளையிட்ட உருண்டைகளும்தான் தொகுதி. ஒரு கனசதுரத்துக்கு 12 குச்சிகளும் 8 உருண்டைகளும் போதும். ஆனால், விளக்கத்தாள் படத்தில் நேராக நிற்கும் அந்தப் பெட்டி, ஒரு பிள்ளையின் தோள் பட்டதுமே ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். சதுரத்தின் நான்கு பக்கங்களும் நீளம் மாறாமலே சாய்சதுரமாகிவிடக்கூடியவை. முக்கோணம் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. மூலைவிட்டமாக ஒரு குச்சியைப் போட்டு முக்கோணமாக்கலாமென்றால், அதற்குச் சுமார் 52 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். அப்படியொரு குச்சி தொகுதியில் இல்லை. ஆகவே நாங்கள் பாவாடை நாடாவை இரண்டு மூலைவிட்டங்களிலும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுகிறோம். நாடா இழுவையை மட்டுமே தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. ஒன்று தளரும் பக்கம் சாயும்போது மற்றது விறைத்துப் பிடிக்க வேண்டுமென்பதால் இரண்டுமே அவசியம். இதை விளக்கத்தாளில் போடாதது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

போர்வை விடயத்திலும் கவனம் வேண்டும். கம்பளியின் பாரத்தில் கூரை தொய்ந்து உருண்டைகள் கழன்றுவிடுகின்றன. தவிர, ஈரக் காற்றில் அது சீக்கிரம் பூஞ்சண வாடை பிடிக்கும். எங்களுக்கு மிகவும் ஒத்துவந்தது பழைய சாரம் (லுங்கி). ஒரு குச்சி அகலமும் உயரமுமான சுரங்கத்தின் சுற்றளவு 148 சென்ரிமீற்றர்தான் என்பதால், வட்டமாக மூட்டிய சாரத்தைக் கிளிப் எதுவுமின்றி உறைபோல் அப்படியே மாட்டிவிடலாம். மெல்லிய துணியூடாக வெளிச்சமும் காற்றும் வருவதால் உள்ளே இருக்கும் பிள்ளைக்குப் புழுக்கமோ பயமோ இல்லை. விறகடுப்புள்ள அறையில் மட்டும் இதைக் கட்டவே கூடாது.

நான்கு வயது மகளால் ஆரம்பத்தில் குச்சியைத் துளைக்குள் முழுதாக அழுத்த முடியவில்லை. இப்போது உருண்டையை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுக்கிப் பிடித்து, 'டக்' என்ற சத்தம் வரும்வரை இரு கைகளாலும் அழுத்துகிறாள். சத்தம் வராவிட்டால், "அண்ணா, இது இன்னும் பூரல்ல" என்று திருப்பிக் கொடுக்கிறாள். அண்ணன் அடித்தளத்தை நிமிர்த்தாமல் அவள் மேல்தட்டுக்குக் குச்சி எடுப்பதில்லை. எந்தப் படத்தையும் பார்க்காமல் இருவரும் தாங்களாகவே தீர்மானித்துக் கட்டும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

குச்சிகள் அனைத்தும் இன்னும் நல்ல நிலையில் உள்ளன. தேய்வதும் வெடிப்பதும் உருண்டைகளே. துளை தளர்ந்தவற்றைக் கூரைக்கு விடாமல் கீழ்வரிசைக்கு ஒதுக்கி வருகிறோம். வாங்க எண்ணுபவர்கள், உருண்டைகள் தனியாகக் கிடைக்குமா என்பதைக் கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.