6000 போதுமா, 8000 வேண்டுமா: டிடிஆர்5 ரேம் ஒரு அலசல்

ரேம் டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருப்பது வேகம்: 6000, 8000 என்பதெல்லாம் நொடிக்கு எத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம் என்ற எண். ஓவர்கிளாக் செய்யப்போகிறவர், அதாவது குறித்த அளவைவிட முடுக்கி ஓட்டப்போகிறவர் பார்க்க வேண்டியது, உள்ளே இருக்கும் சில்லு யாருடையது என்பதை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய 6000 சிஎல்36 கிட் ஒன்று அலட்டாமல் சிஎல்30-க்கு இறங்கியது. (சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை கடிகாரத் துடிப்பு தாமதிக்கிறது என்ற எண்; குறைந்தால் நல்லது.) அந்த உற்சாகத்தில் நண்பரையும் அதே மாடல் எண்ணை வாங்கவைத்தேன். அவருக்கு வந்ததில் வேறு நிறுவனத்தின் சில்லு. 34-க்குக் கீழே போனாலே பிழை. டப்பா, மாடல் எண், ஹீட் ஸ்ப்ரெடர் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான்.

ஜி.ஸ்கில், கோர்செய்ர் போன்றவர்கள் சில்லு செய்வதில்லை. வாங்கிப் பொருத்தி விற்கிறார்கள். நம் கைக்கு வருபவை பெரும்பாலும் ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் மூன்றில் ஒன்றின் சில்லுகள். 2021 நவம்பரில் இன்டெலின் 12-ஆம் தலைமுறையோடு டிடிஆர்5 மேசைக் கணினிக்கு வந்தபோது மைக்ரான் சில்லு வைத்த கிட்கள்தான் அதிகம் கிடைத்தன. ஓவர்கிளாக் என்ற பேச்சை எடுத்தாலே அவை முரண்டு பிடிக்கும். சாம்சங் கொஞ்சம் மேல்; ஆனாலும் 6400-ஐ நெருங்கும்போது மூச்சு வாங்கும். ஹைனிக்ஸ் கதையே வேறு. அதன் முதல் சில்லு வடிவமைப்பான எம்-டை, 6000-இல் டைமிங்கை (சிஎல் போன்ற தாமத எண்களை) இறுக்கிக் கட்ட ஏற்றது. பின்னால் வந்த ஏ-டை 7200, நல்ல போர்டு அமைந்தால் 8000 வரை ஏறும். ஆக, சில்லு விஷயத்தில் போட்டியே இல்லை, ஹைனிக்ஸ்தான். கோர்செய்ர் ஸ்டிக்கரில் பதிப்பு எண் 5-இல் தொடங்கினால் ஹைனிக்ஸ், 4 என்றால் சாம்சங், 3 என்றால் மைக்ரான். ஆனால் டப்பாவைப் பிரித்தால்தான் அது தெரியும் என்பது வேறு விஷயம். பிரிக்காமல் ஊகிக்க வேண்டுமென்றால், 6000 சிஎல்30 என்று அச்சிட்டு விற்பவை பெரும்பாலும் ஹைனிக்ஸாகவே இருக்கும். சிஎல்36, சிஎல்40 கிட்கள் எல்லாம் லாட்டரி.

சரி, எந்த வேகம்? சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடிக் கணக்கில் வந்துவிடும். 6000 சிஎல்36-க்கு 12, 6000 சிஎல்30-க்கு 10, 7200 சிஎல்34-க்கு 9.4, 8000 சிஎல்38-க்கு 9.5. இந்தக் கணக்கில் பழைய டிடிஆர்4 3200 சிஎல்14 கிட் 8.75 எடுத்து எல்லாவற்றையும் தோற்கடிக்கும் என்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அதாவது இந்தக் கணக்கு பாதிதான் சொல்லும். மீதியை முடிவு செய்வது பிராசஸரில் ரேமோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலர்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் ரைசன் பிராசஸர் வைத்திருப்பவருக்கு என் பதில் 6000 சிஎல்30, இரண்டு ஸ்டிக். 6000-இல் ரேம் கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ், கன்ட்ரோலரும் அதே 3000-இல் ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். சுமார் 6400-ஐத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். 7200 கிட் போட்டால் கன்ட்ரோலர் 1800-இல்தான் ஓடும். இழந்ததை மீட்க 8000 வரை ஏற வேண்டும். ஏறினாலும் இன்னொரு இடைஞ்சல் உண்டு. ஒரே சிசிடி (கோர்கள் இருக்கும் சில்லுத் துண்டு) உள்ள 7700, 7800எக்ஸ்3டி போன்றவற்றில் அந்தத் துண்டுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான உள்பாதை 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது நொடிக்கு 64 ஜிபி வரைதான் படிக்க விடும். 6000 கிட் கூட ஏட்டளவில் 96 ஜிபி தரும், 8000 கிட் 128 தரும். வாசல் குறுகலாக இருக்கும்போது வீதியை அகலமாக்கிக் காசைக் கரைப்பானேன்? 7800எக்ஸ்3டி போன்ற சில்லுகளில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) வேறு இருக்கிறது. பல கேம்களில் ரேமைத் தேடி அடிக்கடி ஓடவே வேண்டியதில்லை.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஓவர்கிளாக் செய்யத்தக்க கே வகைக்குக் கதை மாறும். அங்கே மேலே சொன்ன குறுகல் வாசல் இல்லை, 7200 சிஎல்34 உண்மையாகவே பலன் தரும். இசட்790 போர்டு நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 8000 வேண்டுமென்றால் இரண்டு ஸ்லாட் மட்டும் உள்ள போர்டு தேடுவது நல்லது. நான்கு ஸ்லாட் போர்டில் 8000 வந்தாலும் அது உங்கள் பிராசஸரின் ராசியைப் பொறுத்தது. என் கணக்கில் அது பொழுதுபோக்கு, தேவை இல்லை.

மூன்றாவதாக ஒரு தேர்வு உண்டு. 24 ஜிபி ஸ்டிக் இரண்டு, மொத்தம் 48 ஜிபி. இதிலும் ஹைனிக்ஸ் எம்-டைதான், ஆனால் பழைய எம்-டை அல்ல. வேகத்தில் ஏ-டையோடு போட்டி போடும். வீடியோ எடிட்டிங் செய்பவர் 32-இல் திணறினால் இதற்குப் போகலாம். 16 ஜிபி ஸ்டிக் நான்கைச் செருகி 64 ஆக்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். ரைசன் 7000-இல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி அதிகாரப்பூர்வமாக உத்தரவாதம் தருவது வெறும் 3600.

வோல்டேஜ், சூடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்5-இன் இயல்பு 1.1 வோல்ட். 6000 சிஎல்30 கிட்கள் 1.35 அல்லது 1.4 கேட்கும். அதற்கும் மேல் ஏற்ற ஆசை இருந்தால், ஸ்டிக்கில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சில்லு பூட்டப்படாததா என்று பார்த்து வாங்க வேண்டும். ரைசனில் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டக்கூடாது. 2023-இல் சில எக்ஸ்3டி சில்லுகள் கருகியபின் ஏஎம்டியே போட்ட வரம்பு அது. டிரெஃப்ஐ-யை, அதாவது ரேம் தன் தரவைப் புதுப்பித்துக்கொள்ளும் இடைவெளியை, 65535-க்கு உயர்த்தினால் லேட்டன்சி (தாமதம்) நன்றாகக் குறையும். ஆனால் ஸ்டிக் சூடாகும்போது முதலில் பிழை காட்டுவதும் அந்த அமைப்புதான். ஜனவரியில் இரவெல்லாம் டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டித் தேறிய என் அமைப்பு, மே மாத மதியம் ஏசி இல்லாத அறையில் இருபதே நிமிடத்தில் கவிழ்ந்தது. ரேம் பக்கம் ஒரு சின்ன ஃபேன் திருப்பி வைத்தபின் அடங்கியது. ஆகவே சோதனையைப் பகலில், கிராஃபிக்ஸ் கார்டையும் சூடேற்றிவிட்டுச் செய்யுங்கள், அதுவும் கடையில் திருப்பித்தரும் கெடு முடிவதற்குள்.

அப்புறம், ஏஎம்5-இல் புது ரேம் போட்டு முதன்முறை ஆன் செய்தால் திரை சில நிமிடம் கறுப்பாகவே கிடக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வாருங்கள். நான் பயந்துபோய் பவர் பட்டனை அமுக்கி, அமுக்கி, அந்தச் சில நிமிடத்தை ஒரு மணி நேரம் ஆக்கினேன்.