இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனர்: பழைய டீசல் காருக்கு 500 ரூபாயில் என்ன கிடைக்கும்?

ஆன்லைனில் 400 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் காரின் சாக்கெட்டில் மாட்டினால் இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதை போன் ஆப்பில் காட்டும் இந்தச் சின்ன நீலப் பெட்டியை டீசல் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தவறான காரணத்துக்காக வாங்குகிறார்கள். செக் இன்ஜின் லைட் எரிகிறது, கோடு (கோளாறுக் குறியீடு) படித்துவிட்டால் எந்தப் பார்ட்ஸ் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது கணக்கு. தெரியாது. பி0087 என்று கோடு வந்தால் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) குறைவு என்று அர்த்தமே தவிர, பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைத்த ஃபில்டரும் அதே கோடுதான் போடும். இன்ஜின் ஓடும்போது ரெயில் பிரஷர், உள்ளே போகும் காற்று, டர்போ பிரஷர் மூன்றையும் எண்ணாகப் பார்ப்பதற்காக வாங்கினால், கொடுத்த காசு முதல் வாரத்திலேயே திரும்பிவிடும்.

முதலில் உங்கள் வண்டி இதனுடன் பேசுமா என்று பாருங்கள். குவாலிஸ், அம்பாசடர் டீசல், பழைய இண்டிகா வி2 போன்ற மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இதை மாட்ட இடமே கிடையாது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டிகளில் வருடம் முக்கியம். நம் நாட்டில் பிஎஸ்4 புகை விதிக் கார்களுக்கு, கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி-1 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. 2013க்குப் பிந்தைய வண்டி என்றால் கவலை இல்லை. அதற்கு முந்தையதில் சில பேசும். சில கம்பெனி ஸ்கேனருக்கு மட்டுமே பதில் சொல்லும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14 ஆகிய இரண்டு துளைகளிலும் உலோகப் பின் இருந்தால் பொதுவாக கேன் என்ற வேகமான இணைப்பு. 7இல் மட்டும் இருந்தால் கே-லைன் என்ற பழைய இணைப்பு. கே-லைன் வண்டி பேசினாலும் மெதுவாகத்தான் பேசும். ஆப்பில் பத்து மீட்டரைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறைதான் நகரும். இரண்டு அல்லது மூன்று அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வெர்ஷன் எண் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்று ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் சந்தையில் 1.5 என்று விற்கும் காப்பிதான் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது, 2.1 என்று விற்பதில் பல, கட்டளைகள் பாதி வெட்டப்பட்ட சரக்கு. உள்ளே பிக்18எஃப்25கே80 என்ற சிப் இருப்பதாக விற்பவர் சொன்னால், அதுவும் திருப்பித் தரும் வசதியோடு இருந்தால், தைரியமாக வாங்கலாம். குறிப்பாக கே-லைன் வண்டிக்கு வெட்டப்பட்ட காப்பி உதவாது. வந்தவுடன் சிப்பைப் பரிசோதிக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு எத்தனை கட்டளைகளுக்குப் பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு, குறைந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் பழைய புளூடூத் மாடல் சேராது. பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை புளூடூத்) அல்லது வைஃபை மாடல் வேண்டும். வைஃபை மாடலை இணைத்தால் போனில் நெட் போய்விடும், அது ஒரு தொல்லை.

மாட்டியதும் விளக்கு எரியவில்லை என்றால் பெட்டியைத் திட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். 16ஆம் பின்னுக்கும் 4ஆம் பின்னுக்கும் இடையே பேட்டரி வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் சாக்கெட்டின் ஃபியூஸ் போயிருக்கும். பல வண்டிகளில் அது வேறு ஏதாவது ஒன்றோடு, ரேடியோவோ சிகரெட் லைட்டரோ, சேர்ந்த ஃபியூஸ்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு ஆப்பைத் திறங்கள். கூலண்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கூலண்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. நம் ஊரில் அதற்கு முதல் சந்தேகம் எலி. மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) இன்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77, 78. சென்னையில் நிற்கும் வண்டியில் 85 என்று காட்டினால் அந்த சென்சாரை நம்பி டர்போவைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்து கிராங்க், அதாவது ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றுவது. வண்டி சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகாருக்கு இந்தப் பெட்டி தரும் உதவி வேறு எதிலும் இந்த விலைக்குக் கிடைக்காது. மூன்று எண்களை மட்டும் திரையில் வையுங்கள்: ஆர்பிஎம், ரெயில் பிரஷர், பேட்டரி வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். வோல்ட் 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் எர்த் வயரையும் சரி செய்த பிறகுதான் மற்றவை. இதில் ஒரு குறையும் உண்டு: வோல்ட் ரொம்ப இறங்கினால் ஸ்கேனரே அணைந்து இணைப்பு துண்டித்துவிடும். ஆர்பிஎம் 200க்கு மேல் வருகிறது, வோல்ட்டும் சரி, ஆனால் ரெயில் பிரஷர் ஏறவில்லை என்றால் விஷயம் டீசல் பக்கம். பொதுவாக 150 முதல் 200 பார் வந்தால்தான் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்கும். ஆப் கிலோபாஸ்கலில் காட்டினால் நூறால் வகுத்துக்கொள்ளுங்கள். 20,000 என்றால் 200 பார்.

அந்த பிரஷர் ஏறாததற்கு நான்கு காரணம்: லைனில் காற்று, அடைத்த ஃபில்டர், டீசலை ரிட்டர்னில் ஒழுகவிடும் இன்ஜெக்டர், பம்பும் அதன் கன்ட்ரோல் வால்வும். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஃபில்டரில் தண்ணீர் வடித்து, ஹேண்ட் பிரைமர் இருந்தால் கெட்டியாகும் வரை அமுக்கி, ஃபில்டருக்குப் பின்னால் ஒரு அடி ட்ரான்ஸ்பரென்ட் ஹோஸ் போட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். அதன் பிறகு ரிட்டர்ன் டெஸ்ட்.

ரிட்டர்ன் டெஸ்டுக்கு ஸ்கேனர் வேண்டாம்; ஒரே மாதிரியான நான்கு சின்ன பாட்டிலும் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் குழாயும் போதும். டீசல் பட்டால் குழாய் விறைத்துவிடும், ஒரு தடவையோடு தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலில் விடுங்கள். இன்ஜெக்டர்களிலிருந்து வந்த அந்தச் சிறு ஹோஸின் திறந்த முனையை மட்டும் அடைக்க வேண்டும். பம்பிலிருந்து டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் லைனை அடைக்கவே கூடாது. இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அளவைப் பாருங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிறைந்திருந்தால் ஆள் சிக்கிவிட்டது. வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் பத்து நொடி கிராங்க் செய்தாலே ஒழுகுவது தெரியும். நல்ல இன்ஜெக்டரில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. இந்த முறை மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு இன்ஜெக்டருக்கு. மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறக்கும் பியஸோ வகையில் ரிட்டர்ன் லைனில் அழுத்தம் இருந்தாக வேண்டும், அதைத் திறந்துவிட்டு ஓட்டக் கூடாது.

பழைய பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்து எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் அது நடந்தது. காமன் ரெயிலில் ஐடிலிலேயே 250, 300 பார் இருக்கும். அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரும். இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, ஸ்கேனரில் பிரஷர் இறங்கியதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஸ்பேனரே.

இழுவை இல்லை, கருப்புப் புகை

இந்தப் புகாரில்தான் பார்ட்ஸ் மாற்றியே காசு கரைகிறது. கடையில் பெரும்பாலும் முதலில் டர்போ என்பார்கள். டர்போவைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட் எல்லாவற்றிலும் இருக்கும் ஃபியட் 1.3 மல்டிஜெட்டின் கொள்ளளவு 1,248 சிசி. இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். 850 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 530 லிட்டர், நொடிக்கு 8.8 லிட்டர். நம் வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.14 கிராம். முழுக்க நிரம்பாது என்பதால் 85, 90 சதவீதம் வைத்துக்கொண்டால் நொடிக்கு 8.5 முதல் 9 கிராம் வர வேண்டும். மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் எடையை அளப்பது) உள்ள எந்த வண்டிக்கும் அதன் சிசியைப் போட்டு இதே கணக்கைச் செய்யலாம்.

இப்போது சூடான இன்ஜினில் மாஃப் அளவைப் பாருங்கள். ஐடிலில் 4, 5 என்று காட்டுகிறதா? இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) திறந்திருக்கிறது, ஐடிலில் அது திறப்பது இயல்புதான், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 2,000க்கு ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது மூட வேண்டும். மூடவில்லை என்றால் கரி பிடித்துத் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. இஜிஆருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைத் தற்காலிகமாக வைத்து மறுபடி பாருங்கள். 5இலிருந்து 9க்கு ஏறினால் மாஃப் நல்லது, கோளாறு இஜிஆர். தகடு வைத்தும் 5லேயே நின்றால் மாஃப் சென்சாரோ, ஏர் ஃபில்டரோ, சென்சாருக்குப் பின்னால் கிழிந்த ஹோஸோ. சோதனை முடிந்ததும் தகட்டை எடுத்துவிட்டு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தகட்டோடு ஓட்டினால் புகை விதிக்கும் ஆகாது, பல வண்டிகளில் பி0401 கோடு போட்டு லைட்டும் எரியும்.

டர்போவுக்கு ஓட்டித்தான் பார்க்க வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் போனைப் பார்க்க வேண்டும். காலியான சாலையில் மூன்றாவது கியர், 1,500இலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர். மேப் 180 கிலோபாஸ்கலைத் தாண்டினால் டர்போ உயிரோடு இருக்கிறது. 120, 130லேயே நின்றால் இன்டர்கூலர் ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள். கிழிசல் பெரும்பாலும் கிளாம்ப்புக்குக் கீழேயோ வளைவின் அடிப்பக்கத்திலோ இருக்கும், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மண்ணோடு ஒட்டியிருக்கும். சில நூறு ரூபாய் ஹோஸுக்காகப் பல ஆயிரத்துக்கு டர்போ மாற்றிய வண்டிகள் ஊரில் நிறைய. அதே ஓட்டத்தில் ரெயில் பிரஷரும் 1,000 பாருக்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதியில் தொங்கிக் கீழே இறங்கினால், ஏற்றத்தில் மட்டும் வண்டி லிம்ப் மோடுக்கு (தன்னைக் காத்துக்கொள்ள பவரைக் குறைக்கும் நிலைக்கு) போவதற்கு அதுவே காரணம், ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள்.

க்ளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குவது) கோடு பி0380 வந்தால் சமவெளியில் பதற வேண்டாம். 28 டிகிரியில் காமன் ரெயில் இன்ஜினுக்கு அது இல்லாமலும் ஸ்டார்ட் ஆகத் தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் வேறு. கொடைக்கானல்வாசிகள் மட்டும் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் அளந்து, ஓர் ஓம் அளவில் காட்டாமல் திறந்த சர்க்கியூட் காட்டுவதை மாற்றுங்கள்.

கோடு அழிக்கும் பட்டனில் கை வைப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எந்த ஆர்பிஎம்மில், எந்த வெப்பத்தில் கோளாறு வந்தது என்பது அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அழித்தவுடன் சாவி ஆன் செய்த நிமிடமே திரும்பி வந்தால் வயரிங், கனெக்டர், சென்சார் பக்கம். ஓட்டிய பிறகு வந்தால் காற்றோ டீசலோ.

இது செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைச் சாதாரண ஆப்பில் பெரும்பாலும் படிக்காது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேலிருக்கும் எண்ணை இசியுவில் ஏற்றச் சாதாரண ஆப்பால் முடியாது; அதற்குக் கம்பெனி ஸ்கேனரோ, டீசல் பம்ப் சர்வீஸ் கடையோதான். எண் ஏற்றாமல் ஓட்டினால் ஐடில் நடுங்கும். ஃபியட் லீனியா, புன்ட்டோக்காரர்களுக்கு விண்டோஸில் ஓடும் மல்டிஇசியுஸ்கேன் கூடுதலாகக் கை கொடுக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 16ஆம் பின்னில் எப்போதும் கரண்ட் இருக்கும், சாவியை எடுத்தாலும் பெட்டி தூங்காது. 45 மில்லிஆம்ப் இழுத்தால் ஒரு நாளைக்கு ஓர் ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. பழைய பேட்டரியோடு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வந்ததும் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் தேட வேண்டியிருக்கும். பார்த்து முடித்ததும் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.