எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: நர்ஸுக்கு முழு மதிப்பெண், அறைக்குக் கிடையாது

திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு இதற்கு அனுப்புகிறார்கள். பரிசோதிக்கும் நர்ஸ் அருமையானவர். அவருக்குக் கொடுத்திருக்கும் அறை மோசம். இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, நடுவில் ரத்தக்கசிவு உண்டா, உறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறதா, வெள்ளைப்படுதலில் நாற்றம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அதோடு நிறுத்தாமல், "அந்த நாட்களில் வயிறு எப்படி இருக்கும்?" என்றும் கேட்டார். இத்தனை வயதில் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி. நான் நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மலச்சிக்கல், வயிறு உப்பிக்கொள்ளும். ரத்தம் பட ஆரம்பித்ததும் நேர்மாறாக வயிறு போகும். ஷிப்டில் இருக்கும்போது மெஷினைப் பார்க்க வேறு ஆள் வந்தால்தான் கழிப்பறைக்கு நகர முடியும். அதற்குப் பயந்தே அந்த நாட்களில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் பிரிவில் நிறையப் பேர். வீட்டில் கேட்டால் உடம்புச் சூடு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுப்பார்கள்.

நர்ஸ் பொறுமையாக விளக்கினார். மாதவிடாய்க்கு முன்பு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கூடுவதால் குடல் மந்தமாகிறது. மாதவிடாய் தொடங்கும்போது அது இறங்கிவிடும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கும். அது பக்கத்தில் இருக்கும் குடலையும் சேர்த்து முறுக்குவதால்தான் வயிறு போகிறதாம். வயிற்றுவலிக்குக் கொடுக்கும் மெஃபனமிக் அமில மாத்திரை இந்தப் பொருளின் சுரப்பையே குறைப்பதால், சிலருக்கு வலியோடு வயிற்றுப்போக்கும் மட்டுப்படும். ஆனால் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, மாதவிடாயின்போது மட்டும் மலம் கழிக்கையில் உயிர்போகும் வலி, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கடைசியில் சொன்ன வலி எண்டோமெட்ரியோசிஸாகவும், அதாவது கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோயாகவும் இருக்கலாம் என்றார். இன்று செய்யப்போகும் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பரிசோதனைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. உள்ளே விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வெந்நீரில் நனைத்துச் சூட்டைத் தன் கையில் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். இறுக்கமாக இருந்தது, வலிக்கவில்லை. பிறகு 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றினார். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் அதே வாசனை அறை முழுக்கப் பரவியது. லேசான எரிச்சல். "ஒரு நிமிடம் அப்படியே இருங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். செல்களில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அரசு மருத்துவமனைக்கு அனுப்பிக் கால்போஸ்கோப்பியில், அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று அங்கேயே சீட்டில் எழுதிக் கொடுத்து, ஐந்து ஆண்டு கழித்து வரச் சொன்னார்.

வினிகரை வைத்து என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று எங்கள் மில்லில் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தது. 30 முதல் 59 வயது வரையிலான 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இந்த வினிகர்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். பரிசோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட்டபோது, இந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைவாக இருந்தது. அத்தனையும் ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையில். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடும் பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. உலக சுகாதார நிறுவனமும் அதையே முதலில் பரிந்துரைக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு வினிகர் முறை அவ்வளவாகப் பொருந்தாது. பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும். வசதி இருப்பவர்கள் எச்பிவி பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். அது கிடைக்கும் வரை காத்திருக்கிறேன் என்று இதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி குறைகள். அறைக்கதவில் தாழ்ப்பாள் இல்லை. திரையும் பாதி அகலத்துக்குத்தான் வருகிறது. நான் மேசையில் படுத்திருக்கும்போதே ஒருவர் பதிவேடு கேட்டுக் கதவைத் திறந்தார். நர்ஸ் அதட்டி அனுப்பினார். பரிசோதனைக்கு முன்பு சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், கழிப்பறையோ பூட்டிக் கிடக்கிறது. சாவி வாங்க மருந்து கொடுக்கும் இடத்துக்கு நடக்க வேண்டும். முற்பகலில் மட்டுமே பார்ப்பதால், பகல் ஷிப்டுக்காரர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் வர முடியும். மாதம் ஒரு நாளாவது மாலையில் பார்த்தால் எங்கள் மில்லிலிருந்தே கூட்டமாக வருவோம்.

மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். ரத்தப்போக்கு நின்று சில நாள் கழித்துப் போனால் பார்ப்பவருக்கும் வசதி, உங்கள் வயிறும் அமைதியாக இருக்கும். முந்தைய இரண்டு நாட்கள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். சேலையோ நைட்டியோ உடுத்திக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளுக்கும் மாலை நேரத்துக்கும் மருத்துவ அலுவலரிடம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே போகிறவர்கள் நீங்களும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.