ஃபிரெமாண்ட் மரம்: குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறை

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைப்பகுதியில், ஃபெல்டன் என்ற சிற்றூரை அடுத்துள்ள ஹென்றி கோவெல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில், பல பேர் ஒன்றாக நிற்குமளவு அடிமரம் குடைந்துபோன ஒரு ரெட்வுட் மரம் இன்றும் பச்சையாக நிற்கிறது. (ஆந்திரக் காடுகளின் செம்மரம் வேறு, இது கடலோர மூடுபனியை நம்பி வாழும் ஊசியிலை மரம்.) 1846இல் இவ்வழியே வந்த படை அதிகாரி ஜான் ஃபிரெமாண்ட் இந்தப் பொந்தில் தங்கினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுவதால், மரத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

வாசல் தாழ்வானது; நன்றாகக் குனிந்துதான் நுழைய வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது எளிதன்று. உள்ளே நிமிர்ந்ததும் முதலில் இருட்டு மட்டுமே தெரிந்தது. கைவிளக்கை அணைத்துவிட்டுச் சற்றுக் காத்திருந்தபோது, கரியேறிய சுவர்கள் மெல்லத் துலங்கின. வெளியே நின்றவர்களின் பேச்சும் அடங்கிப்போனது போலிருந்தது. இந்தச் சில நிமிடங்களுக்காகவே இவ்வளவு தொலைவு வரலாம். அடுத்தடுத்து வந்த காட்டுத்தீக்கள் நடுவிலிருந்த வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியை, தின்றுவிட்ட பின்னும் மரம் சாகவில்லை. ஏனெனில் நீரை மேலே ஏற்றுவது வைரமன்று, பட்டையை ஒட்டியிருக்கும் வெளிமரமே.

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. அதே 1846இன் ஏப்ரலில் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் பழங்குடி மக்களைக் கொன்று குவித்தது ஃபிரெமாண்டின் படைதான். இப்பகுதியின் பழங்குடியினரான ஓலோனி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கு அவருடைய பெயர் பொருந்துவதாக நான் கருதவில்லை.

மரத்தை அடையும் பாதை 0.8 மைல் சுற்று. சமதளமாக இருப்பதால் முதியவர்களும் குழந்தைகளும் களைப்பின்றி நடக்கலாம். வாகனத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இச்சுற்றுப் பாதையில் நாய்களுக்கு அனுமதியில்லை. கூட்டம் சேருமுன் காலையிலேயே செல்வது நல்லது. வரிசையில் பிறர் காத்திருக்கும்போது பொந்துக்குள் அமைதியாக நிற்க முடியாது. சுவரில் பெயர் கீறாதீர்கள். இம்மரங்களின் வேர்கள் ஆழமின்றி மேலாகவே பரவுகின்றன. ஆகவே பாதையை விட்டு இறங்காமல் நடந்து செல்லுங்கள்.